அத்தியாயம் 6: கைவினை அருங்காட்சியகத்துக்கு ஊர்ப்பணம்

கும்பாபிஷேகத்துக்கு 40 லட்சம் திரட்ட வேண்டுமென்றால் நம் ஊர்களுக்கு யாரும் வழிகாட்டி நூல் எழுதித் தர வேண்டியதில்லை. தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி போடலாம், வெளியூரில் கடை வைத்திருப்பவரைப் பார்க்க யார் போனால் மரியாதை, முதல் ரசீதை யார் பெயரில் கிழிக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வித்தை. அதே ஊரில் கோரைப்பாய்க்கோ, பித்தளை விளக்குக்கோ, கண்டாங்கிச் சேலைக்கோ ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்து, கூரை ஒழுகி, மின்கட்டண பாக்கி ஏறி, பூட்டப்போகிறார்கள் என்ற நிலை வந்தால் மட்டும் இந்த வித்தை எதுவும் வெளியே வருவதில்லை. ஆட்சியருக்கு ஒரு மனு, அமைச்சருக்கு ஒரு மனு, பத்திரிகைக்கு ஒரு படம். அத்தோடு சரி.

ஊர்க்காரர்களுக்குக் கைவினைமேல் அக்கறை இல்லை என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கோயிலுக்குக் கொடுப்பவருக்கு அந்தக் கோயில் யாருடையது என்பதில் சந்தேகமே வராது. அருங்காட்சியகம் என்றதும், ‘இது சங்கத்துதா, அந்த வாத்தியார் சொந்தமா வச்சிருந்ததா, கவர்மென்ட்டா?’ என்று ஒருவர் கேட்கிறார். கூட்டத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அப்போதே பணம் பைக்குள் திரும்பிப் போய்விடும். ஆகவே வசூலைப் பற்றிய இந்த அத்தியாயம் பத்திரத்தில் இருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

பொருள் யாருடையது?

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தை ஒட்டிய பார்லஸ்டனில் வெட்ஜ்வுட் அருங்காட்சியகம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோசையா வெட்ஜ்வுட் தொடங்கிய பீங்கான் தொழிலின் மாதிரிகள், அச்சுகள், கணக்கேடுகள், கடிதங்கள், ஓவியங்கள் என 80,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட சேகரம் அது. 2008இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். மறு ஆண்டே, அருங்காட்சியகங்களுக்கு நிதி திரட்டித் தரும் ஆர்ட் ஃபண்ட் அமைப்பின் பரிசும் கிடைத்தது. அதே 2009 ஜனவரியில்தான் வாட்டர்ஃபோர்டு வெட்ஜ்வுட் கம்பெனி நொடித்தது.

அருங்காட்சியகம் கம்பெனியிலிருந்து பிரிந்த தனி அறக்கட்டளையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஊழியர்களில் ஐந்து பேர் கம்பெனியின் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர்களாக இருந்தார்கள். திட்டத்தில் சேர்ந்திருந்த மற்ற நிறுவனங்கள் கடன் தீர்க்க முடியாமல் விழுந்துவிட்டால், எஞ்சி நிற்கும் நிறுவனம் முழுப் பற்றாக்குறையையும் சுமக்க வேண்டும் என்பது விதி. எஞ்சி நின்றது அருங்காட்சியகம். அதன் தலையில் விழுந்த தொகை 13 கோடியே 40 லட்சம் பவுண்டு. சேகரத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குத்தகைக்கும் கூரைக்கும் காவலுக்கும் யோசித்திருந்தவர்கள், ஐந்து பேருடைய ஓய்வூதியப் படிவத்தை யோசிக்கவில்லை.

நம் ஊரில் இதே பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். பழைய தறியும் அச்சும் விளக்கும் பெரும்பாலும் கைவினைஞர் கூட்டுறவுச் சங்கத்தின் மாடியில் கிடக்கின்றன. சங்கத்துக்கு வங்கிக் கடன் இருக்கும், ஊழியர் வைப்புநிதி பாக்கி இருக்கும். நாளைக்குச் சங்கத்தைக் கலைத்தால், கலைப்பு அதிகாரியின் பட்டியலில் நூறு வருடத்து விளக்கும் பழைய மேசையும் அடுத்தடுத்த வரியில் வரும். எனவே காட்சிப் பொருள்களைச் சங்கத்தின் வியாபாரக் கணக்கிலிருந்து பிரித்து, ஒரு பொது அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றுங்கள். பொதுக்குழுத் தீர்மானமும் துறையின் ஒப்புதலும் இதற்கு வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் இழுக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்கட்டும்: அறக்கட்டளை கலைந்தால் பொருள்கள் விலைக்குப் போகாது, இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அருங்காட்சியகத்துக்குப் போகும்.

அடுத்தது பதிவேடு. தடித்த அட்டைப் பேரேடு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுங்கள். எண், பொருளின் பெயர், ஊர்க்காரர்கள் அதைச் சொல்லும் பெயர், நீள அகலம், எதனால் ஆனது, எங்கே உடைந்திருக்கிறது, யார் கொடுத்தார், எந்தத் தேதியில், தானமாகவா பார்வைக்காகவா. இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர்நிலை. ‘தாத்தா சும்மா வச்சுட்டுப் போனதுதான், எங்க பொருள்’ என்று ஒரு பேரன் பத்து வருடம் கழித்து வருவான். தானமாகத் தந்தவர்களிடம் முத்திரைத்தாளில் தானக் கடிதம் வாங்குங்கள். தர மனமில்லாதவர்களிடம் எத்தனை வருடத்துக்கு இரவல் என்று எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் மனமில்லாதவரின் பொருளை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். வசூல் பாதியில் இருக்கும்போது சண்டை வருவதைவிட ஒரு செம்பு குறைவது நல்லது.

எவ்வளவு வேண்டும்?

தொகையை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: இன்று தீர்க்க வேண்டிய கடன், ஒரு தடவை செய்ய வேண்டிய மராமத்து, வருடா வருடம் ஆகும் நடப்புச் செலவு. மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக நோட்டீஸ் அடித்தால் கடன் அடையும், கூரை மாறும், அடுத்த வருடம் சம்பளத்துக்குத் திரும்பவும் ரசீதுப் புத்தகம் தூக்குவீர்கள். ‘போன வருஷம்தானே கொடுத்தோம்’ என்ற முகச்சுளிப்பைத் தாங்கிய கமிட்டி ரொம்ப நாள் நிற்பதில்லை.

நடப்புச் செலவுக்கு வழி வசூல் அல்ல, வருமானம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1984இல் தொடங்கப்பட்டது. அது முட்டுக்காட்டில் அமைத்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் 1996இல் திறந்தது. நுழைவுக் கட்டணம், கைவினைப் பயிற்சிகள், கடை, தங்கும் அறைகள், விழாக்களுக்கு இட வாடகை என்று பல வாய்க்கால்களில் அங்கே பணம் வருகிறது. சின்ன ஊரில் இத்தனையும் நடக்காது. பள்ளிப் பிள்ளைகள் வந்து அரை நாள் உட்கார்ந்து பாய் பின்னிப் பார்க்க ஆளுக்கு ஒரு கட்டணம், ஊர்க் கைவினைஞரின் பொருளை விற்றால் ஒரு சிறு கமிஷன் என்ற இரண்டு வாய்க்காலாவது வெட்டிவிட்டு வசூலுக்குப் போங்கள். இதைத் தவிர ஒரு மூலதன நிதியும் தேவைப்படும். அதைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்க வேண்டும். கொடுப்பவர் ‘இது மூலதன நிதிக்கு’ என்று எழுத்தில் தந்தால்தான் வருமான வரிக் கணக்கிலும் அது அப்படி நிற்கும்.

கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, ‘ஆளுக்கு 100 ரூபாய், 40,000 பேர், முடிஞ்சு போச்சு’ என்பார். கைதட்டலும் கிடைக்கும். 40,000 பேரைத் தேடிப் பிடிக்க எத்தனை பேர் எத்தனை நாள் அலைய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். 40 லட்சம் நிஜத்தில் சேர்கிற விதம் வேறு. ஒருவர் 8 லட்சம். இரண்டு பேர் தலைக்கு 4 லட்சம். எட்டுப் பேர் ஒவ்வொரு லட்சம். இந்தப் பதினோரு பேரிலேயே 24 லட்சம் வந்துவிடுகிறது. பிறகு 25,000 வீதம் 24 பேர், 5,000 வீதம் 100 பேர் என்றால் 35 லட்சம். மிச்சமுள்ள 5 லட்சத்துக்குத்தான் ஐந்நூறும் இருநூறும். இந்தத் தொகைகள் ஒரு பேச்சுக்கு. உங்கள் ஊரின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டியலின் தலையில் பெயர்களை எழுத முடியவில்லை என்றால், அந்தத் தொகைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

யாரிடம் முதலில்?

வெட்ஜ்வுட் கதையின் மறுபாதி இங்கே உதவும். கடன்காரர்களோடு பேசி, சேகரத்தை ஒரே தொகுப்பாக 1 கோடியே 57.5 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஆர்ட் ஃபண்ட் ஏற்பாடு செய்தது. 2014 செப்டம்பர் முதல் நாள் பொதுமக்களிடம் வேண்டுகோள் வைத்தபோது, ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பவுண்டு ஏற்கெனவே கைவசம் இருந்தது. லாட்டரி பாரம்பரிய நிதியமும் ஆர்ட் ஃபண்டும் சில தனியார் அறக்கட்டளைகளும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பணம் அது. மக்களிடம் கேட்டது மிச்சமிருந்த 27.4 லட்சம் பவுண்டு மட்டும். நவம்பர் கடைசி வரை கெடு இருந்தும் அக்டோபர் முதல் வாரத்திலேயே தொகை நிறைந்துவிட்டது. ஆர்ட் ஃபண்டின் 111 ஆண்டு வரலாற்றில் இவ்வளவு வேகமாக வேறு எந்த வசூலும் முடியவில்லை.

ஒரு மாதத்தில் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்று மட்டும் இதைப் படித்தால் பாடம் கைநழுவிவிடும். ஆறில் ஐந்து பங்கு வந்துவிட்டது, இன்னும் ஒரு பங்குதான் என்று தெரிந்த பிறகு கொடுக்கிற கை தயங்குவதில்லை. இது நம் ஊர்க் கமிட்டிக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. புத்தகத்தின் முதல் ரசீது 101 ரூபாய்க்குக் கிழிக்கப்பட்டால் அடுத்தவர் 51 கொடுப்பார். முதல் ரசீது ஒரு லட்சம் என்றால் அடுத்தவர் பத்தாயிரத்துக்குக் கீழே சொல்லக் கூச்சப்படுவார். எனவே நோட்டீஸ், பேனர், யுபிஐ கியூஆர் அட்டை எல்லாவற்றையும் பாதித் தொகையாவது உறுதியான பிறகு வெளியே எடுங்கள். அதுவரை வேலை நடப்பது கடைகளின் உள்ளறையிலும் வீட்டுத் திண்ணையிலும்தான்.

கேட்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே கொடுத்தவராக இருக்க வேண்டும். தான் கொடுக்காமல் அடுத்தவரைக் கொடுக்கச் சொல்பவரின் குரலில் தெம்பு இருக்காது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை முதலாளியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், கடையில் கூட்டம் இல்லை. காபி வரும். மழை, வியாபாரம், பையன் படிப்பு எல்லாம் பேசி முடியும். கையோடு ஒரு பொருளைக் கொண்டு போயிருந்தால் அதை மேசைமேல் வையுங்கள். கடை தொடங்கிய காலத்து எழுத்துப் பொறித்த குத்துவிளக்காக இருந்தால் இன்னும் விசேஷம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“அண்ணாச்சி, மொத்தம் 40 லட்சம் ஆகுது. இவங்க ஒரு லட்சம் எழுதியிருக்காங்க. நீங்க நாலு லட்சம் எழுதணும்னு கேட்கத்தான் வந்தோம்.”

“நாலு லட்சமா? ஏம்ப்பா, கடை இருக்குற நிலைமை தெரியாதா?”

இந்த இடத்தில்தான் அனுபவமில்லாதவர்கள் வாயைத் திறந்து, ‘இல்லண்ணாச்சி, முடிஞ்சதைக் கொடுங்க’ என்று தாங்களே தொகையைக் கீழே இழுத்துவிடுவார்கள். பேசாதீர்கள். காபி டம்ளரைப் பாருங்கள். அவர் தொகையைக் கேட்டுத்தான் திகைத்தார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அடுத்த வாக்கியம், ‘எப்ப வேணும்?’ என்பதாகவோ ‘ரெண்டு தவணையா தரலாமா?’ என்பதாகவோ இருக்கும். தவணைக்குத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ‘பார்க்கலாம்’ என்றால் எந்தக் கிழமை பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

மகமை, மொய், உபயம்

நம்மிடம் இருக்கும் பழைய வழிகளில் மகமைதான் அருங்காட்சியகத்துக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கட்சி. விருதுநகர் நாடார் வணிகர்கள் விற்கும் சரக்கின்மேல் ஒரு சிறு பங்கை எடுத்து வைத்து, வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். உங்கள் ஊர்க் கைவினையை விற்கும் கடைகள், ஒவ்வொரு பாய்க்கோ சேலைக்கோ விளக்குக்கோ ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ மகமை என்று ஒப்புக்கொண்டால், அது வருடா வருடம் வரும். ரசீதில் தனி வரியாக அச்சடித்தால் வாங்குபவருக்கும் தெரியும். ஒப்புக்கொள்ளும் கடைகளை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். எல்லாரும் சேரட்டும் என்று காத்திருந்தால் ஆரம்பமே இருக்காது.

மொய் விருந்து வைக்கலாமா என்று பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஒரே நாளில் லட்சக்கணக்கில் எழுதும் ஊர்கள் அவை. ஆனால் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். அருங்காட்சியகம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய்யைத் திருப்பி எழுதும்? திருப்பித் தருவதாக இருந்தால் கணக்குப் புத்தகத்தில் அது நன்கொடையாக நிற்காது, கடனாக நிற்கும். விருந்து வையுங்கள், இலை போடுங்கள். நோட்டில் மட்டும் ‘நன்கொடை’ என்று தலைப்பிட்டு, மைக்கிலும் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.

உபயம் வேறு கதை. ‘உபயம்’ என்று ஆரம்பித்துக் குடும்பத்தார் அத்தனை பேர் பெயரையும் எழுதி வெளிச்சமே வெளியே வராமல் போன குழல் விளக்கை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த ஆசையைக் கேலி செய்யாமல் பயன்படுத்துங்கள். கண்ணாடிப் பேழை ஒன்றுக்கு இவ்வளவு, தறியைப் பழுது பார்க்க இவ்வளவு, ஒரு வருடக் கரையான் மருந்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போடுங்கள். கரையான் மருந்துக்கு ஆள் வருவது கஷ்டம். அதைப் பேழையோடு சேர்த்தே விலை சொல்லிவிடுங்கள். பெயர்ப் பலகை எல்லாருக்கும் ஒரே அளவு, பேழையின் பக்கவாட்டில், பொருளைவிடச் சிறியதாக. இந்த விதியைக் கமிட்டித் தலைவரின் பெயருக்கும் பொருத்துங்கள்.

ரசீதும் வரியும்

அறக்கட்டளைக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, பான் எண். வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று எல்லாரும் சொல்லும் பதிவுகள் வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் கடைத்தெருவில் பழைய பெயர்தான் செல்லும். புதிய அறக்கட்டளைக்கு முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும்.

கொடுப்பவரிடம் சொல்ல வேண்டியவை சில. 80ஜி உள்ள அறக்கட்டளைக்குத் தரும் தொகையில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதற்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கு இந்தக் கழிவே இல்லை. ‘வரி மிச்சமாகும்’ என்று எல்லாரிடமும் சொல்லி வசூலித்தால் ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது திட்டு வாங்குவீர்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை இணையவழியில் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தர வேண்டும். அதனால் ரசீது எழுதும்போதே பெயர், முகவரி, பான் எண்ணை வாங்கிவிடுங்கள். மே மாதக் கடைசியில் நானூறு பேருக்குப் போன் போட்டு பான் எண் கேட்கும் வேலையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

உண்டியல் வைக்கும்போது கோயிலோடு ஒப்பிடாதீர்கள். முழுக்க மத நோக்கமுள்ள அறக்கட்டளைக்குப் பெயர் தெரியாமல் விழும் காணிக்கைக்கு வரி இல்லை. அருங்காட்சியகம் அந்த வகையில் வராது. பெயரில்லாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீதம் வரி. சில்லறைக்கு உண்டியல் சரி. நோட்டுக் கட்டு போட வருபவரை ரசீது மேசைக்கு அழைத்துப் போங்கள். உண்டியலை மாதம் ஒரு குறித்த நாளில், கமிட்டியில் இல்லாத இரண்டு பேரை வைத்துத் திறந்து, எண்ணி, அன்றே தொகையை வாசலில் சாக்குக்கட்டியால் எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பணமும் கம்பெனிப் பணமும்

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையனிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், அவன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனே அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. பொதுவாக மூன்று வருடம் இயங்கி, குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்டிய அமைப்புக்குத்தான் அந்தப் பதிவு கிடைக்கும். ஆகவே கியூஆர் அட்டையை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போடுவதற்கு முன் யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புச் செலவுக்குரிய பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் கைவினைகளும் இருக்கின்றன. ஆனால் கடனை அடைக்கக் கம்பெனி தராது; மராமத்துக்கோ பயிற்சிக்கோ திட்டமாக எழுதிக் கொடுத்தால்தான் பேச்சு நடக்கும். அதற்கும் மூன்று வருட அனுபவம் கேட்பார்கள் என்பதால், புதிய அறக்கட்டளை ஏற்கெனவே பதிவுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தொகை நிறையாவிட்டால்

தொகை நிறையாவிட்டால் பணமும் பொருளும் என்ன ஆகும் என்பதை வசூலுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், அதுவும் எழுத்தில். வெட்ஜ்வுட்டில் பணம் நிறைந்த பிறகு சேகரம் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பெயருக்குப் போனது. பொருள்கள் மட்டும் நீண்டகால இரவலாகப் பார்லஸ்டனிலேயே இருக்கின்றன. உரிமை தலைநகரத்தில், பொருள் ஊரில். ஊர் அருங்காட்சியகத்தின் கௌரவம் குறைந்துவிட்டது என்று யாராவது முனகலாம். எனக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடாகவே படுகிறது. இன்னொரு கம்பெனி நொடித்தாலும் அந்தப் பொருள்கள்மீது யாரும் கை வைக்க முடியாது.

உங்கள் கமிட்டியும் ஒரு தீர்மானம் போட்டு வைக்கட்டும். இந்தத் தேதிக்குள் இவ்வளவு தொகை சேராவிட்டால் மராமத்துப் பணம் மட்டும் செலவாகும். ஐயாயிரத்துக்கு மேல் தந்தவர்களுக்கு விருப்பம் கேட்டுத் திருப்பித் தரப்படும். பொருள்கள் பதிவேட்டோடு மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்கோ இரவலாகப் போகும். அங்கே போய் முன்கூட்டியே பேசி, ‘வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒரு கடிதமும் பெற்றுவிடுங்கள். தீர்மானத்தைச் சின்ன எழுத்தில் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடிக்க அச்சகத்தில் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கொடுங்கள், ‘காசு என்ன ஆகும்?’ என்று கேட்பவரிடம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.